மறந்தேன் என்று பெயர் வைத்த யோசேப்பும் அழுதான்

"மன்னித்துவிட்டேன் என்று ஜெபித்த பிறகும் பழைய காயம் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படியென்றால் நான் விசுவாசத்தில் வளரவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு இருபது வருடம் இருந்தவள் நான்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்ப் பக்கம். 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்தது. நல்ல மழை. அப்பாவுக்கு இழுப்பு (ஆஸ்துமா) வருத்தம். சித்தப்பாவிடம் லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரம் பெட்டியோடு இருந்ததால், அப்பாவை அதில் ஏற்றிக்கொண்டு போவார் என்று நம்பி அம்மா படலையடியில் நின்றா. அவரோ நெல்மூட்டைகளையும் தையல் மெசினையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, நானும் அம்மாவும் மாறி மாறித் தள்ளினோம். நாவற்குழிப் பாலத்தடியில் சனநெருக்கத்தில் கால் வைக்க இடமில்லை. அந்த மழைக்குள் அப்பா மூச்சு இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று கிழமையில், சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அவர் இறந்துபோனார்.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினோம். சேர்ச்சுக்குப் போகிற ஒழுங்கையில்தான் சித்தப்பா வீடு. நான் அந்த ஒழுங்கையால் போவதை விட்டுவிட்டு, பெரிய ரோட்டால் சுற்றிப் போகத் தொடங்கினேன். உபவாச ஜெபத்தில் எத்தனையோ தரம் முழங்காலில் நின்று, "மன்னித்துவிட்டேன் ஆண்டவரே" என்று அழுதிருக்கிறேன். அழுதுவிட்டு எழும்பி, திரும்பவும் பெரிய ரோட்டால்தான் வீட்டுக்குப் போவேன்.

எனக்குக் கண் திறந்தது ஆதியாகமம் 41-இல். யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைக்கிறான். "என் வருத்தம் யாவையும் என் தகப்பனுடைய குடும்பம் அனைத்தையும் நான் மறக்கும்படி தேவன் பண்ணினார்" என்பது அவன் சொன்ன காரணம். அதற்குப் பிறகுதான், அவனை அடிமையாக விற்ற அண்ணன்மார் தானியம் வாங்க எகிப்துக்கு வருகிறார்கள். மறந்துவிட்டேன் என்று பிள்ளைக்கே பெயர் வைத்தவன் அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டு அப்பால் போய் அழுகிறான். இரண்டாம் முறை அறைக்குள் போய் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருகிறான். வேதம் இதை அவனுடைய விசுவாசக் குறைவாக எங்கேயும் சொல்லவில்லை. நினைவு வந்தது, அழுகை வந்தது, ஆனாலும் அவர்களுடைய சாக்குகளை நிரப்பித்தான் அனுப்பினான். அந்தப் பகுதியை வாசித்த அன்று எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

அப்புறம் கர்த்தருடைய ஜெபம். மத்தேயுவில் அது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. கடன் என்ற சொல்லை நான் அதுவரை கவனித்ததே இல்லை. சித்தப்பா எனக்கு ஒரு கடன் தரவேண்டும் என்றுதான் நான் காத்திருந்தேன். அவர் வந்து என் அம்மாவுக்கு முன்னால் அழவேண்டும், பிழை என்று சொல்லவேண்டும். மன்னிப்பது என்றால் அந்தக் கடனை இனிக் கேட்கமாட்டேன் என்று விடுவது. கடன் இருந்தது என்பதை மறப்பது வேறு விஷயம், அதை ஆண்டவர் என்னிடம் கேட்கவில்லை.

2015-இல் சித்தப்பா வருத்தமாய்க் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சாய்மனைக் கதிரையில் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். நான் யோசித்து வைத்திருந்த ஒரு வசனமும் வாயில் வரவில்லை. "சாப்பிட்டியே பிள்ளை?" என்றார். சித்தி பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தா. அவர் அந்தப் பனங்கட்டித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணைக்குச் சீனி போட்டால் குடியார், பனங்கட்டிதான் வேணும்" என்றார். அவ்வளவுதான். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவைக்கவில்லை. ஆனால் இருபது வருடத்துக்குப் பிறகு அப்பாவைப் பற்றி இரண்டு பேர் உட்கார்ந்து கதைத்தோம். அன்றைக்கு நான் அந்த ஒழுங்கையால் வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகும் மழை பெய்கிற சில இரவுகளில் கோபம் வரும். வந்தால் திரும்பவும் விடுவேன். பேதுருவிடம் இயேசு சொன்ன ஏழெழுபது தரம் என்பது, ஒரே குற்றத்தை அத்தனை தரம் மன்னிக்கவேண்டி வரும் என்பதற்கும்தான் என்று நான் நம்புகிறேன்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். "பின்னானவைகளை மறந்து" என்ற பிலிப்பியர் வசனத்தை எடுத்துக்கொண்டுபோய், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக 2017-இலிருந்து தெருவோரப் போராட்டத்தில் இருக்கிற தாயிடம் சொல்லாதீர்கள். எங்கள் பக்கத்து ஊர் நவாலியில், 1995 ஜூலை 9 அன்று புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் மேல் குண்டு போட்டதில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். வருடாவருடம் அங்கே மெழுகுதிரி கொளுத்தி அழுகிறவர்களைப் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் என்று சொல்வது பெரிய பாவம். உண்மையைக் கேட்பதும் பகையைச் சுமப்பதும் ஒன்றல்ல. அந்த பிலிப்பியர் வசனத்தை எழுதின பவுல் அதே அதிகாரத்தில் குப்பையென்று தள்ளுவது தன் கோத்திரத்தையும், பரிசேயன் என்ற பெருமையையும். அதை நாங்கள் வசதியாக விட்டுவிடுகிறோம். "எங்கட பாட்டி உடுவில் மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்சவ, நாங்கள் ஆர் தெரியுமோ" என்கிற பழசும் விடவேண்டிய பழசுதான்.

சரி, உங்களுக்கு. இன்று இரவு கர்த்தருடைய ஜெபத்தில் அந்தக் கடன் வரிக்கு வரும்போது கொஞ்சம் நின்று, அந்த ஆளின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எனக்கு முதல் நாள் பெயர் வாயில் வரவில்லை. "அவர்" என்றுதான் சொன்னேன். சித்தப்பா என்று சொல்ல மூன்று மாதம் எடுத்தது.