குளிக்க மறுத்தவரும் பதினைந்து அலகுகளும்

அன்பின் அக்கா,

மெல்பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்து வருடமாக வேலை செய்கிறேன். சேரும்போது சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. இப்போது மனேஜர் கூப்பிட்டு, “செர்ட் த்ரீ எடுங்கள், உங்களுக்கு ஆர்பிஎல் முறையில் செய்யலாம்” என்கிறார். செர்ட் த்ரீ என்பது பராமரிப்பு வேலைக்கான மூன்றாம் நிலைச் சான்றிதழ். ஆர்பிஎல் என்பது வேலையில் ஏற்கெனவே கற்றதைக் காட்டி அதைப் பெறும் முறை. பயிற்சி நிறுவனத்திலிருந்து என் மகளின் வயதுப் பிள்ளை ஒருத்தி வந்து ஒரு கட்டுப் படிவங்களைத் தந்துவிட்டுப் போனாள். டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவரை எப்படிப் பராமரிப்பீர்கள் என்று ஒரு கேள்வி. ‘என் சொந்த அப்பாவைப் போல அன்பாகப் பார்ப்பேன்’ என்று எழுதினேன். போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அன்று இரவு எனக்கு நித்திரையே இல்லை. குளிக்கக் கூப்பிட்டால் எல்லோரையும் அடிக்கிற ஓர் இத்தாலியக் கிழவர், நான் போனால் மட்டும் எழும்பி வருவார். அப்படியிருக்க, பத்து வருடம் செய்த வேலைக்கு நான் இன்னும் பரீட்சை எழுத வேண்டுமா?

க.

அன்பின் க.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மற்றப் பாதியை அந்தப் பிள்ளையின் மேல் கொட்டாதீர்கள், பாவம்.

அந்தக் கிழவர் உங்களிடம் மட்டும் ஏன் வருகிறார் என்று நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. தொலைபேசியில் நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னீர்கள். டாண்டினோங்கில் கார் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட் செய்தவர், வாழ்நாள் முழுக்க மத்தியானம் குளித்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். இதை அவருடைய மகளிடம் கேட்டு அறிந்திருக்கிறீர்கள். இல்லத்தில் எல்லோரும் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டீர்கள். முதலில் உங்கள் கையைத் தண்ணீரில் வைத்து, “ஆக்குவா கால்டா”, சுடுதண்ணீர், என்று இத்தாலிய மொழியில் சொன்னீர்கள். சட்டையைக் கழற்றுமுன் தோளில் துவாயைப் போர்த்தினீர்கள். கை முஷ்டி இறுகினால் வாக்குவாதப்படாமல் வெளியே போய், பத்து நிமிடம் கழித்து வந்தீர்கள். அப்புறம் தாதியிடம் சொல்லி இதையெல்லாம் அவருடைய கேர் பிளானில், அதாவது பராமரிப்புத் திட்டத்தில், ஏற்றவும் செய்தீர்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டுப் படிவத்தில் ‘அன்பாகப் பார்ப்பேன்’ என்று ஒரு வரி எழுதினால் அவள் என்னதான் செய்வாள்? எதனால் ஒருவர் கலவரப்படுகிறார் என்று கண்டுபிடிப்பது, அதற்கேற்ப நேரத்தை மாற்றுவது, அவருடைய மொழியில் ஒரு சொல், மானத்தைக் காப்பாற்றுவது, எழுதிப் பதிவது. அவள் தேடியது இவற்றைத்தான்.

நானும் மூன்று வருடம் வார இறுதிகளில் இரவு வேலை செய்தவள். “உங்கள் நாட்டுப் பெண்களுக்கு இது இயல்பாகவே வருகிறது” என்று ஒரு மேலாளர் சொன்னபோது பூரித்துப் போனேன். ஹொயிஸ்ட் என்ற தூக்கும் இயந்திரத்தில் ஆளைத் தூக்குவது எனக்கு இயல்பாக வரவில்லை. இரண்டு பேர் நின்று, ஆளைத் தாங்கும் துணியான ஸ்லிங்கின் நான்கு கொழுவியையும் பார்த்து, பிறகுதான் தூக்க வேண்டும் என்பதை என் முதுகு பிடித்த பிறகுதான் ஒழுங்காகக் கற்றேன். இயல்பாக வருவதற்கு யார் கூடுதல் சம்பளம் கொடுப்பார்கள்? அந்தப் பாராட்டில் இருந்த கணக்கு எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

இது என் மனக்குறை மட்டுமல்ல. அவுஸ்திரேலியாவின் குறைந்தபட்சச் சம்பளங்களைத் தீர்மானிக்கும் ஃபெயார் வேர்க் ஆணைக்குழு, இந்த வேலை பெண்களின் வேலை என்பதாலேயே காலங்காலமாகக் குறைத்து மதிக்கப்பட்டது என்று ஏற்றுக்கொண்டது. 2022 நவம்பரில் நேரடிப் பராமரிப்பு ஊழியருக்கு 15 வீத உயர்வு என்று தீர்மானித்தது, அது 2023 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச்சில் அதற்கு மேலும் உயர்த்தியது. அந்த வழக்கில் ஊழியர்கள் போய்த் தங்கள் வேலையை நிமிடம் நிமிடமாக விவரித்தார்கள். நீங்கள் படிவத்தில் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

இனி நடைமுறை. செர்ட் த்ரீயில் 15 அலகுகள், அதாவது பாடப் பகுதிகள். புதிதாகப் படிப்பவர்கள் குறைந்தது 120 மணி நேரம் வேலைத்தலத்தில் பயிற்சி செய்ய வேண்டும். ஆர்பிஎல்லில் உங்களுக்குத் தெரிந்ததை அலகு அலகாகக் காட்டுகிறீர்கள். எதில் இடைவெளி இருக்கிறதோ அதை மட்டும் படிக்கலாம். சம்பளச் சீட்டுகள், ரோஸ்டர்கள், மேற்பார்வையாளரின் கடிதம், இல்லத்தில் செய்த கைகழுவல், தீயணைப்புப் பயிற்சிகளின் சான்றுகள், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். முதியவர்களின் பெயரோ படமோ மட்டும் எதிலும் வரக்கூடாது. எழுதுவது கஷ்டமென்றால் பேசியே பதில் சொல்ல முடியுமா, நீங்கள் வேலை செய்யும்போது வந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். இரண்டும் வழக்கத்தில் உள்ளவைதான்.

சான்றிதழை ஒரு கிழமையில் கையில் தருகிறோம், எதுவும் கேட்கமாட்டோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். 2024 இறுதியில் அப்படிப்பட்ட சில நிறுவனங்கள் வழங்கிய சான்றிதழ்களை, பயிற்சி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பு ரத்துச் செய்தபோது ஆயிரக்கணக்கானோர் அகப்பட்டுக்கொண்டார்கள். அதில் நம்மைப் போன்ற வேலையாட்களும் இருந்தார்கள். உங்களைத் திருப்பி அனுப்பிய பிள்ளையை நான் நம்புவது அதனால்தான்.

சரி, உங்கள் கோபத்தின் நியாயமான பாதிக்கு வருகிறேன். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சம்பள வகுப்புகளில், செர்ட் த்ரீ கிடைத்ததும் இரண்டாம் படியிலிருந்து மூன்றுக்குப் போவீர்கள். நான்காம் படிக்குச் சான்றிதழ் பெற்ற பிறகு நான்கு வருட அனுபவம் வேண்டும். பெற்ற பிறகு! அதற்கு முந்திய உங்கள் பத்து வருடம் அந்த இடத்தில் கணக்கில் வராது. போன வருடம் படித்து முடித்த இருபது வயதுப் பிள்ளை உங்களுக்கு முன்னால் போய்விடுவாள். இதை நான் எந்த விதத்திலும் சமாதானப்படுத்த மாட்டேன். தொழிற்சங்கத்தில் இருந்தால் அங்கே எழுப்புங்கள், இல்லாவிட்டால் முதலில் சேருங்கள். அந்த நான்கு வருடக் கணக்கு சீக்கிரம் தொடங்க வேண்டும் என்றால் படிவத்தை இழுத்தடிக்காதீர்கள், அவ்வளவுதான் என் கையில் உள்ள ஆலோசனை.

அந்தக் கேள்விக்கான பதிலை முதலில் தமிழிலேயே எழுதுங்கள், எனக்குத் தொலைபேசியில் சொன்ன மாதிரி. சனிக்கிழமை கொண்டு வந்தால் இருவருமாக ஆங்கிலத்தில் போடுவோம். துவாய் விசயத்தை விட்டுவிடாதீர்கள்.