தாய்வழித் தடம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எச்சில் மாதிரி அனுப்பிப் பரிசோதித்ததில் என் தாய்வழி மரபுக்குழு 'எம்' என்று மட்டும் வந்திருக்கிறது. ஆசியாவிலேயே அரிதான வழி இது என்கிறான் மகன். உண்மையா?
(வாசகி, குன்னூர்)

பதில்: அரிதானது இல்லை. மரபுக்குழு என்பது ஒரே பழைய தாயிடமிருந்து கிளைத்து வந்த வழி. இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தாய்வழி எம் பெருங்கிளையில்தான் வருகிறது. அதற்குள் எம்2, எம்3, எம்31, எம்42 என்று ஏராளமான கிளைகள் உண்டு. அவற்றில் சில மிகவும் அரிதானவை. உங்களுடையது அப்படி ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால் உங்களுக்குச் செய்த பரிசோதனை அந்த அளவுக்குப் படிக்கவில்லை.

தாய்வழியைக் காட்டுவது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் இது, 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு வளையம். கீழே வரும் எண்கள் அந்த வளையத்தில் உள்ள இடங்களைக் குறிப்பவை. அதைப் படிக்க மூன்று வழிகள் உண்டு. 'சிப்' முறையில் முன்பே குறித்துவைத்த இடங்களை மட்டும் பார்ப்பார்கள். உங்கள் கிளையைப் பிரித்துக் காட்டும் இடம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், விடை 'எம்' என்பதோடு நின்றுவிடும். இரண்டாவது, கட்டுப்பாட்டுப் பகுதி எனப்படும் சுமார் 1,100 எழுத்துகளை மட்டும் வாசிப்பது. இந்தப் பகுதி வேகமாக மாறுவதால் ஒரே மாற்றம் பல கிளைகளில் தனித்தனியாக வந்திருக்கும். 16189, 16519 ஆகிய இடங்கள் இதற்குப் பேர்போனவை. மூன்றாவது, முழு வளையத்தையும் வாசிப்பது. அரிய கிளையா என்று தெரிய வேண்டுமானால் இந்த மூன்றாவது ஒன்றுதான் உதவும்.

அறிக்கையில் மாற்றங்கள் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். 1981இல் கேம்பிரிட்ஜில் வாசிக்கப்பட்டு 1999இல் திருத்தப்பட்ட ஒரு வரிசையோடு ஒப்பிட்டு எழுதிய வேறுபாடுகள்தான் அவை. அந்த வரிசை ஐரோப்பாவில் மிகுந்திருக்கும் எச் கிளையைச் சேர்ந்தது. ஆகவே 16223டி (16223ஆம் இடத்தில் 'டி' என்ற எழுத்து) என்று உங்கள் பட்டியலில் இருந்தால் உங்களிடம் ஏதோ மாறிவிட்டது என்று பொருளில்லை. பழைய எழுத்து உங்களிடம் இருக்கிறது, மாறியது அந்த ஒப்பீட்டு வரிசையின் வழியில். 263, 750, 1438, 4769, 8860, 15326 ஆகியவை ஏறக்குறைய எல்லோருடைய பட்டியலிலும் வரும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். 309, 315 அருகே 'சி' கூடுதலாக நுழைந்ததாக எழுதியிருப்பதற்கும் கிளை பிரிப்பதில் மதிப்பில்லை. நீங்கள் தேட வேண்டியவை 489, 10400, 14783, 15043. இந்த நான்கும் சேர்ந்திருந்தால் எம் உறுதி.

முழு வாசிப்பு செய்தால் ஆய்வகத்திடம் பி.டி.எஃப். அறிக்கையோடு, முழு வரிசையும் எழுத்துகளாக உள்ள 'ஃபாஸ்டா' கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அதை 'ஹாப்ளோகிரெப்' என்னும் கருவியில் ஏற்றினால், தாய்வழிக் கிளைகளைத் தொகுத்த 'ஃபைலோட்ரீ' மரத்தில் உங்கள் இடத்தைக் காட்டும். அது சொல்லும் கிளைப் பெயரைவிட, இருக்க வேண்டியும் இல்லாத மாற்றங்கள், எந்தக் கிளையிலும் அடங்காமல் எஞ்சிய மாற்றங்கள் என்ற இரண்டு பட்டியல்கள் முக்கியம். இருக்க வேண்டியவை பல இல்லையென்றால் வாசிப்பில் பிழை, அல்லது இரண்டு பேருடைய மாதிரி கலந்திருக்கிறது. எஞ்சியவை நிறைய இருந்து வாசிப்பும் சுத்தமாக இருந்தால், இதுவரை பெயரிடப்படாத கிளையாக இருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: கன்னத்தின் உட்புறம் தேய்த்து அனுப்பிய பஞ்சுக்குச்சி இரண்டு முறை 'தரமில்லை' என்று திரும்பிவிட்டது. எங்கே தவறு?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: பெரும்பாலும் ஈரம்தான். மழைக்காலத்தில் நம் மலையில் குச்சி தானாகக் காயாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். மாதிரி எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, டீ, வெற்றிலை, புகையிலை எதுவும் வேண்டாம். தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, ஒவ்வொரு கன்னத்திலும் 30 விநாடி அழுத்தித் தேய்க்க வேண்டும். பஞ்சு எதிலும் படாமல் குச்சியை நிறுத்தி வைத்து நன்றாக உலரவிட்டு, காகித உறையில் போடுங்கள். அடுப்பு அருகே வைத்துக் காயவைக்காதீர்கள். பதப்படுத்தும் திரவத்தோடு வரும் எச்சில் குழாய் கிடைத்தால் நீலகிரிக்கு அதுவே நல்லது. அறை வெப்பத்திலேயே தாங்கும். குழந்தைக்கு எடுப்பதாக இருந்தால் பால் கொடுத்தவுடன் எடுக்க வேண்டாம், தாயின் செல்கள் கலந்துவிடும்.

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் எம்130 கண்டுபிடிக்கப்பட்டதாகவும், அது ஆஸ்திரேலியப் பழங்குடியினரோடு தொடர்புடையது என்றும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இப்போது எம்42 என்று இன்னொன்றைப் படித்தேன். இரண்டும் ஒரே குடும்பமா?
(ஆசிரியர், கொடைக்கானல்)

பதில்: இல்லை, 'எம்' என்ற எழுத்து செய்யும் குழப்பம் இது. எம்130 என்பது ஒய் குரோமோசோமில் உள்ள ஓர் அடையாளம். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. சி என்ற தந்தைவழிக் கிளையைக் குறிப்பது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினரின் ஆய்வில் பேசப்பட்டது அதுதான். எம்42 என்பது தாய்வழி எம் பெருங்கிளையின் 42ஆவது கிளை. முன்னதில் எம் என்பது அடையாளத்தின் பெயர். பின்னதில் கிளையின் பெயர்.

எம்42இன் கதையை மாணவர்களுக்கு விரிவாகவே சொல்லலாம். ஆப்பிரிக்காவின் எல்3 கிளையிலிருந்து எம், என் என இரண்டு பெருங்கிளைகள் பிரிந்தன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள பெரும்பான்மையினரின் தாய்வழி இந்த இரண்டில் ஒன்றில் அடங்கும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் எஸ், ஓ, பி ஆகிய கிளைகளோடு எம்42உம் இருந்தது. தெற்காசியா வழியாகத்தான் அவர்கள் முன்னோர் சென்றிருக்க வேண்டும் என்ற கருத்து நெடுநாளாகவே உண்டு. ஆனால் 2009 வரை இந்தியாவின் தாய்வழிகளில் அதற்கு நேரான தடயம் எதுவும் காணப்படவில்லை.

2009இல் இந்திய மானிடவியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள், 26 பழங்குடிகளில் 966 பேரின் முழு வளையத்தையும் வாசித்து ஆய்வு வெளியிட்டார்கள். ஏழே பேரிடம், ஆஸ்திரேலிய எம்42இல் உள்ள இரண்டு மாற்றங்கள் இருந்தன. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டுமே புரதத்தை மாற்றாத மாற்றங்கள். உடலுக்கு நன்மையோ தீமையோ செய்யாததால், இரு இடங்களிலும் இயற்கைத் தேர்வு ஒன்றுபோல் வளர்த்துவிட்டது என்று சொல்ல முடியாது. பொது மூதாதையிடமிருந்து வந்தவை என்று கொள்ள வலு கூடுகிறது. ஆனால் ஒரு மாற்றம் மட்டும் பொருந்தினால் நம்பாதீர்கள். 8251ஆம் இடத்து மாற்றம் எம்42இல் இருக்கிறது; தொடர்பே இல்லாத டபிள்யூ, ஐ கிளைகளிலும் தனியாகத் தோன்றியிருக்கிறது.

இன்று ஆஸ்திரேலியக் கிளைக்கு எம்42ஏ, இந்தியக் கிளைக்கு எம்42பி என்று பெயர். இவற்றுக்கு அடுத்த உறவு எம்74. அது தெற்குச் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் காணப்படுகிறது. இந்திய, ஆஸ்திரேலியக் கிளைகள் பிரிந்து சுமார் 55,000 ஆண்டுகள் ஆகின்றன என்பது 2009 ஆய்வின் கணக்கு. 'இந்தியர் ஆஸ்திரேலியா போனார்கள்' என்று கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். அன்று இரண்டு நாடுகளும் இல்லை. ஒரே தாய்வழியின் ஒரு கிளை வழியில் தங்கியது, இன்னொன்று மேலும் நடந்தது, அவ்வளவுதான் சொல்லலாம்.

கேள்வி: 55,000 ஆண்டுப் பழமை என்றால் அந்தக் கிளைக்காரர்கள் அத்தனை காலமாக அதே மலையில் இருந்தார்கள் என்று பொருளா?
(வாசகர், உதகை)

பதில்: கிளை பிரிந்த காலம் வேறு, அந்த இடத்துக்கு வந்த காலம் வேறு. கணக்கு போடும் முறையைப் பார்த்தால் இது புரியும். 2009இல் வெளியான பரவலாகப் பயன்படும் கணக்குப்படி, முழு வளையத்தில் சராசரியாக 3,624 ஆண்டுக்கு ஒரு மாற்றம் நிலைக்கிறது. ஒரே கிளையில் நான்கு பேர். பொது மூதாதையிடமிருந்து அவர்களுக்கு முறையே 2, 3, 3, 4 மாற்றங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3; பெருக்கினால் ஏறக்குறைய 10,900 ஆண்டுகள். அண்மைய மாற்றங்களில் தீங்கானவை இன்னும் களையப்படாமல் இருக்கும் என்பதால் இதிலும் ஒரு திருத்தம் செய்வார்கள். நான்கு பேரை வைத்துப் போட்ட கணக்கில் பல ஆயிரம் ஆண்டுகள் இப்படியும் அப்படியும் போகும். எங்கே இருந்தார்கள் என்ற செய்தி இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

பிறப்பிடத்தைத் தேட வேறு வழி உண்டு. எந்த இடத்தில் அதிகம் பேரிடம் இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. எந்த இடத்தில் அதிகக் கிளைகளாகப் பிரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தைலமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உதகையைச் சுற்றி எங்கு திரும்பினாலும் நிற்கிறது. ஆனால் அது 19ஆம் நூற்றாண்டில் வந்த மரம். 700க்கும் மேற்பட்ட அதன் இனங்களில் பெரும்பாலானவை இருப்பது ஆஸ்திரேலியாவில். தாய்வழிக்கும் இதே விதி.

நீலகிரியில் இதைக் கூடுதல் கவனத்தோடு சொல்ல வேண்டும். தோடர் மொத்தமே சுமார் 2,000 பேர். இவ்வளவு சிறிய சமூகத்தில் ஒரு தாய்க்கு ஐந்து பெண்கள், இன்னொரு தாய்க்குப் பெண்ணே இல்லை என்று சில தலைமுறை போனாலே ஒரு வழி பெருகி மற்றொன்று மறைந்துவிடும். தொன்மையோ சிறப்போ அதற்குக் காரணம் ஆகாது.

அரிது என்ற சொல்லும் நிலையானது அல்ல. 2005இல் எம்31 அந்தமான் தீவினருக்கே உரிய வழி என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே மேற்கு வங்கத்து ராஜ்பன்ஷி மக்களிடம் அதன் உறவுக்கிளை கிடைத்தது. பார்க்காத இடத்தில் இல்லை என்று முடிவுகட்டியதால் வந்த பிழை அது.

கேள்வி: நடுவட்டத்தில் குடியேறிய சீனர்களின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று தாத்தா சொல்வார். தாய்வழிப் பரிசோதனையில் சீனக் கிளை தெரியுமா?
(வாசகர், கூடலூர்)

பதில்: அந்தச் சீனரிடமிருந்து தெரியாது. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் சீனர்கள் குடியிருந்து, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு மாடு வளர்த்ததை மானிடவியல் ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். வந்தவர்கள் ஆண்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மைட்டோகாண்ட்ரியா அந்தத் தமிழ்த் தாய்மாரிடமிருந்தே வந்தது. சீன மூதாதையிலிருந்து அப்பா, அப்பாவின் அப்பா என்று இடையில் பெண் வராத வழியில் வந்த ஆண் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அவருடைய ஒய் குரோமோசோமைப் பாருங்கள். இடையில் ஒரு பெண் வந்திருந்தால் இரண்டு பரிசோதனையும் உதவாது. எல்லாக் குரோமோசோம்களையும் ஒப்பிடும் பரிசோதனைதான் வழி. பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள். தாய்வழி சொல்வது அதில் ஒரே ஒருத்தியைப் பற்றி.

கேள்வி: ஒரே குலத்தைச் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே மரபுக்குழுதான் இருக்குமா?
(வாசகி, மஞ்சூர்)

பதில்: குலம் அப்பா வழியில் போனால் இருக்காது. மணமாகி வரும் பெண் வேறு குலம். பிள்ளைகளுக்கு அவளுடைய வழி. தோடரிடம் தந்தைவழிக் குலத்தோடு தாய்வழிக் குலமும் உண்டு என்பதை 1930களில் இங்கே ஆய்வு செய்த மொழியியலாளர் எமனோ விளக்கியிருக்கிறார். அப்படிப்பட்ட தாய்வழிக் குலத்தில் மட்டுமே இந்த எதிர்பார்ப்புக்கு இடமுண்டு.

கேள்வி: கல்லூரி செயல்திட்டத்துக்காகப் பழனி மலைப் பளியர் குடியிருப்பில் எச்சில் மாதிரி சேகரிக்க நினைக்கிறோம். என்னென்ன வேண்டும்?
(மாணவர், பண்ணைக்காடு)

பதில்: முதலில் குழாய் வாங்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, பதிவு பெற்ற நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதல் கிடைத்த பிறகே ஒரு சொட்டு எச்சிலும் எடுக்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் பேசி அவர்கள் இசைவது ஒன்று. ஒவ்வொருவரும் தனியாகச் சம்மதிப்பது வேறு. இரண்டும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படிவத்தை அவர் பேச்சில் படித்துச் சொல்லி, உங்களைச் சேராத ஒரு சாட்சியை வைத்துக் கைநாட்டு வாங்க வேண்டும். பின்னால் வேண்டாம் என்றால் மாதிரியை அழித்துவிடுவோம் என்று படிவத்திலேயே எழுதுங்கள்.

தாய்வழியில் உறவான எவரையும் இரண்டு முறை எண்ணக் கூடாது. அம்மா, மகள், சித்தி, அவர் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வளையம்தான். சின்னக் குடியிருப்பில் இதைக் கவனிக்காவிட்டால் 30 மாதிரியில் உண்மையான தாய்வழி ஆறோ ஏழோதான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொருவரிடமும் அம்மாவின் அம்மா பிறந்த ஊர் வரை கேட்டு எழுதுங்கள்.

முழு வரிசையையும் பொதுவில் போட்டுவிடாதீர்கள். வளையத்தின் 1555ஆம் இடத்தில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பவருக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகளால் காது கேளாமல் போகலாம். 11778ஆம் இடத்து மாற்றம் ஒன்று பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும். ஒருவரிடம் இருந்தால் அவருடைய தாய்வழி உறவினர் அனைவரிடமும் இருக்கக்கூடும். இப்படி ஏதாவது தென்பட்டால் யார் மூலம், எந்த மருத்துவரை வைத்து அவர்களிடம் சொல்வது என்பதை மாதிரி எடுக்கும் முன்பே முடிவு செய்து படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.