ப்ளாகரில் ஒரு சொல்லை அழுத்தினால் வேறு பக்கம் திறக்கும்படி இணைப்பு கொடுப்பது எப்படி?

முகவரியை நகலெடுத்துப் பதிவில் ஒட்டினால் வெறும் எழுத்தாகவே கிடக்கிறது, அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை, மற்றவர்கள் பதிவில் மட்டும் நீல நிறச் சொல்லை அழுத்தினால் பக்கம் திறக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எட்டு வருடமாக ப்ளாகரில் வினாத்தாள், விடைக்குறிப்பு எல்லாம் போட்டு வருகிறேன். நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றவள்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செய்முறை சின்னது. போக வேண்டிய பக்கத்தைத் திறந்து அதன் முகவரியை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பதிவுக்கு வந்து, எந்தச் சொற்கள் இணைப்பாக வேண்டுமோ அவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கணினியில் சுட்டியால் இழுக்கலாம். கைப்பேசியில் சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போதும். மேலே கருவிப்பட்டையில் சங்கிலிக் கண்ணி மாதிரி ஒரு படம் இருக்கும், அதை அழுத்துங்கள். கணினியில் கன்ட்ரோல் விசையோடு கே எழுத்தைத் தட்டினாலும் அதே பெட்டி திறக்கும். முகவரியை அதில் ஒட்டிவிட்டுச் சரி கொடுத்தால் முடிந்தது. வேர்ட்பிரஸில் இன்னும் எளிது: சொற்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின்மேலேயே முகவரியை ஒட்டினால் சொல் அழியாது, இணைப்பாகிவிடும்.

உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏதாவது கோளாறு வரும்போது உதவும். பதிவின் நிரல்வரிகளைக் காட்டும் எச்டிஎம்எல் பார்வைக்கு மாற்றிப் பார்த்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த சொல்லுக்கு முன்னும் பின்னும் 'ஏ' என்ற குறிச்சொல் நிற்கும். அது நங்கூரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்குள் ஹெச்ரெஃப் என்ற இடத்தில், மேற்கோள் குறிகளுக்கு நடுவே முகவரி உட்கார்ந்திருக்கும். வாசகர் பார்ப்பது சொல்லை, உலாவி பார்ப்பது முகவரியை. 1990இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவியிலேயே பக்கங்களை எழுதவும் முடிந்தது. அதிலும் போக வேண்டிய இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, தன் பக்கத்தில் உள்ள சொல்லைத் தேர்ந்தெடுத்து இரண்டையும் இணைக்க வேண்டியதுதான். இன்று நாம் செய்வதும் அதேதான்.

கொடுத்த இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, முகவரியின் தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் விட்டுப் போயிருக்கும். அது இல்லாவிட்டால் உலாவி அதை உங்கள் தளத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பக்கம் என்று நினைத்துக்கொள்ளும். பக்கம் இல்லை என்று 404 வந்து நிற்கும். முகவரியைக் கையால் தட்டாமல் நகலெடுத்தே ஒட்டுங்கள். இன்னொன்று, நிரல்வரியை வேர்ட் கோப்பில் எழுதி வைத்து அங்கிருந்து ஒட்டுவது. வேர்ட் நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும், உலாவிக்குப் புரியாது. என் சக ஆசிரியை ஒருவர் ஒரு மாலை முழுக்க இதோடு போராடினார். எச்டிஎம்எல் பார்வையிலேயே அந்தக் குறிகளை அழித்து மறுபடி தட்டியதும் சரியாயிற்று.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம். எந்தச் சொல்லின்மேல் இணைப்பை வைக்கிறோம்?

ஆரம்பத்தில் நான் எல்லாப் பதிவிலும் 'வினாத்தாளுக்கு இங்கே சொடுக்கவும்', 'விடைக்குறிப்புக்கு இங்கே சொடுக்கவும்' என்றுதான் எழுதினேன். இணைப்பு 'இங்கே' என்ற சொல்லின்மேல் மட்டும். எங்கள் பள்ளி வரலாற்று ஆசிரியருக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்துத்தான் கணினியில் வேலை செய்வார். தன் மகளுக்காக ஒரு நாள் என் பக்கத்தைத் திறந்தவர், மறுநாள் ஓய்வறையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்செர்ட் விசையோடு எஃப்7 தட்டிக் காட்டினார். பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் தனியே பட்டியலாகக் கொடுக்கும் வசதி அது. அம்புக்குறியைத் தட்டத் தட்ட, "இங்கே, இங்கே, இங்கே" என்று அந்த இயந்திரக் குரல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. "டீச்சர், இதுல எந்த 'இங்கே' கணக்கு, எந்த 'இங்கே' அறிவியல்? நீங்களே சொல்லுங்க" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று இரவே உட்கார்ந்து மாற்ற ஆரம்பித்தேன். 'இங்கே சொடுக்கவும்' என்பது நம் மொழிக்கே தேவையில்லாத சுற்று. 'காலாண்டுத் தேர்வு கணக்கு விடைக்குறிப்பைப் பதிவேற்றியிருக்கிறேன்' என்று இயல்பாக ஒரு வாக்கியம் எழுதி, அதில் 'கணக்கு விடைக்குறிப்பை' என்ற பகுதியை இணைப்பாக்கினால் போதும். சொல்லே போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. வலை அணுகல் விதிகளில், அதாவது டபிள்யூசிஏஜியில், 2.4.4 என்ற விதி கேட்பது இதைத்தான்: இணைப்பு எதற்கு என்பது அந்தச் சொற்களிலிருந்தோ, அதைச் சுற்றியுள்ள வாக்கியத்திலிருந்தோ தெரிய வேண்டும். அடிப்படை நிலையான ஏ நிலையிலேயே இந்த விதி இருக்கிறது.

திருத்தியதை சாரிடம் காட்டினேன். அவர் இன்னொன்று சொன்னார். எல்லா இணைப்பையும் 'பத்தாம் வகுப்பு' என்றே தொடங்கியிருந்தேன். பட்டியலில் ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு சொல்லைக் கேட்டு முடித்த பிறகுதான் பாடம் எது என்று அவருக்குத் தெரிய வரும். "வித்தியாசப்படுற சொல்ல முன்னாடி போடுங்க டீச்சர்" என்றார். இப்போது 'கணக்கு, பத்தாம் வகுப்பு' என்று பாடத்தின் பெயரில்தான் தொடங்குகிறேன். அவசரமாக மேலிருந்து கீழே கண்ணை ஓட்டும் பிள்ளைகளுக்கும் அதுதான் வசதியாக இருக்கிறது.

தமிழில் எழுதும் நமக்கென்று ஒரு விஷயம் உண்டு, வேற்றுமை உருபு. 'தஞ்சாவூரில்' என்று எழுதிவிட்டு 'தஞ்சாவூர்' வரை மட்டும் இணைப்பு வைக்க முடியாது. ர் என்ற மெய் உருபோடு சேர்ந்து 'ரி' ஆகிவிட்டது. உருபையும் சேர்த்து முழுச் சொல்லையும் தேர்ந்தெடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் இதற்காகவே நடுவில் ஒரு நிமிர்ந்த கோடு போட்டு, இடப்பக்கம் கட்டுரையின் பெயரையும் வலப்பக்கம் உருபோடு கூடிய சொல்லையும் எழுதுகிறார்கள்.

முகவரியை அப்படியே வாசகர் கண்ணில் படும்படி விடக் கூடாது என்பதற்கும் நம் எழுத்தே காரணமாக இருக்கிறது. தமிழ்ப் பெயருள்ள பக்கத்தின் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நீண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். 'தமிழ்' என்ற சொல்லில் கணினிக் கணக்குப்படி 5 குறியீடுகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 குறிகளாக விரியும். ஆக மொத்தம் 45. ஒரு சொல்லுக்கே இவ்வளவு என்றால் நீளமான தலைப்பைத் திரைவாசிப்பான் வாசிக்கும்போது கேட்பவருக்கு எப்படி இருக்கும்! சொல்லுக்கு அடியில் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை யாருக்கும் இல்லை.

இணைப்புப் பெட்டியில் புதிய சாளரத்தில் திறக்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். நான் அதை டிக் செய்வதில்லை. புதிதாகத் திறந்த பக்கத்தில் பின்செல்லும் பொத்தான் பல நேரம் வேலை செய்யாது. அம்மாவின் கைப்பேசியில் படிக்கும் பிள்ளை திரும்பி வரத் தெரியாமல் நின்றுவிடும். நோஃபாலோ என்ற கட்டம் தேடுபொறிக்கானது, இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அதற்குச் சொல்வது. கருத்துப் பெட்டிகளில் குப்பை இணைப்புகள் பெருகியதால் 2005இல் கொண்டுவந்தார்கள். உங்கள் சொந்தப் பக்கங்களுக்கு இணைப்பு கொடுக்கும்போது அதைத் தொட வேண்டாம்.

கூகுள் டிரைவில் உள்ள கோப்புக்கு இணைப்பு கொடுப்பதாக இருந்தால், அந்தக் கோப்பின் பகிர்வு அமைப்பில் இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்பதை முதலில் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு மட்டும் ஒழுங்காகத் திறக்கும், மற்றவர்களிடம் அனுமதி கேட்கும். உங்கள் கணக்கில் உள்நுழைந்த நிலையில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. பதிவை வெளியிட்டதும் மறைநிலைச் சாளரத்தில் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் இரவு அனுமதி கேட்டு நாற்பது மின்னஞ்சல் வந்த பிறகுதான் நான் இந்தப் பழக்கத்துக்கு வந்தேன். இதற்கு மேலும் திறக்காவிட்டால், எச்டிஎம்எல் பார்வையில் அந்த ஒரு வரி எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.