கேள்வி – பதில்: அலமாரியில் கிடக்கும் ஈயப் பெட்டி

கேள்வி: எங்கள் இடைநிலைப்பள்ளியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைப் புதுப்பிக்கும்போது, கதிரியக்கச் சின்னம் ஒட்டிய மரப்பெட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளே ஈய உறை. ரேடியம்-226, அமெரிசியம்-241, ஸ்ட்ரோன்சியம்-90, கோபால்ட்-60 என்று சீட்டு இருக்கிறது. ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன் வாங்கியவை. பழைய தளவாடங்களோடு இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாமா?
– ஆசிரியை, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: கூடாது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த காமாக் கதிர்வீச்சுக் கருவி ஒன்று ஏலத்தில் பழைய இரும்பாகப் போய், 2010இல் டில்லியின் மாயாபுரியில் அதைப் பிரித்தவர்கள் கோபால்ட்-60இன் கதிர்வீச்சுக்கு ஆளாகி, ஒருவர் உயிரிழந்தார். அதோடு ஒப்பிட்டால் உங்கள் பெட்டியில் உள்ளது மிகச் சொற்பம்தான். அலமாரியில் பூட்டிக் கிடக்கும்வரை பதற வேண்டியதில்லை. அது என்னவென்று அறியாதவர் கைக்குப் போவதுதான் ஆபத்து.

வயதாகிவிட்டதால் வீரியம் போயிருக்கும் என்றும் எண்ண வேண்டாம். கோபால்ட்டின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.27 ஆண்டுகளே என்பதால் அதில் நூறில் ஒரு பங்குகூட மிஞ்சியிராது. ரேடியத்தின் அரை ஆயுளோ 1,600 ஆண்டுகள். இந்த 40 ஆண்டுகளில் அது நூறில் இரண்டு பங்குகூடக் குறைந்திருக்காது. அதிலிருந்து ரேடான் என்னும் வாயு இடையறாது உண்டாவதால், உறை பழுதாகியிருந்தால் கசிவும் நேரலாம். எனவே பெட்டியைத் திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், கதிரியக்கப் பொருள் அடங்கிய சிறு குப்பியான மூலத்தின் வலை முகப்பைத் தொடுவதோ துணியால் துடைப்பதோ வேண்டாம், ஏனெனில் அதன் பின்னுள்ள தகடு மிக மெல்லியது.

1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் இவற்றைக் கைமாற்றுவதும் அப்புறப்படுத்துவதும் கட்டுப்படுத்தப்பட்டவை. மேசை நாற்காலிக்கு நிரப்பும் தளவாடக் கழிவுப் படிவம் இதற்குச் செல்லாது. பெட்டியைப் பூட்டிவைத்துச் சீட்டைப் படமெடுத்து, தலைமையாசிரியர் வழியாக அணுசக்தித் துறைக்கு எழுதுங்கள். கதிரியக்கக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் நிலையம் சிலாங்கூர் மாநிலப் பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி முகவத்தில் இருக்கிறது. கட்டணத்தையும் அனுப்பும் முறையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே காரில் ஏற்றிப் பினாங்குப் பாலத்தைக் கடக்க வேண்டாம்.

மூலங்கள் நீங்கியபின் காலியாகும் பெட்டியையும் வைத்துக்கொள்ளாமல் கூடவே அனுப்பிவிடுங்கள். ஈயம் நல்ல விலைக்குப் போகும் என்று யாராவது சொல்லக்கூடும். ஆனால் ரேடியம் இருந்த பெட்டியின் உட்புறத்தில் கசிவு படிந்திருக்க வாய்ப்புண்டு.