அபார்ட்மெண்ட் கார்டு தொலைந்ததா? புதியதை வாங்கும் முன் பழையதை முடக்கச் சொல்லுங்கள்

கேள்வி: அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்க்கதவு, லிஃப்ட் இரண்டுக்கும் ஒரே அக்சஸ் கார்டு. நேற்று மாலையிலிருந்து என் கார்டைக் காணவில்லை. புது கார்டுக்கு அசோசியேஷன் கேட்கும் தொகை அதிகமாகத் தெரிகிறது. மனைவியின் கார்டை வெளியில் கொடுத்து ஒரு காப்பி போட்டுக்கொண்டால் போதாதா? தொலைந்த விஷயத்தை அவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் இன்றைக்கே. "புது கார்டு வேண்டும்" என்று போய் நிற்காமல், "என் பழைய கார்டை முடக்குங்கள்" என்று ஆரம்பியுங்கள். புது கார்டு கொடுத்தவுடன் பழையது தானாகச் செத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யாராவது கை வைத்து நீக்கும்வரை அது உயிரோடுதான் இருக்கும்.

பெரும்பாலான கட்டடங்களில் கார்டு செய்யும் வேலை மிகச் சின்னது. அதில் பேட்டரிகூடக் கிடையாது. கதவருகே கார்டைப் படிக்கும் ரீடருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த ரீடரிடமிருந்தே மின்சாரம் வாங்கிக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். அந்த எண் கட்டுப்பாட்டுக் கருவியின் பட்டியலில் இருந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. கார்டை யார் நீட்டுகிறார்கள் என்பது கதவுக்குத் தெரியாது. ஆகவே பட்டியலிலிருந்து அந்த எண்ணை நீக்குவதுதான் உங்கள் முதல் காரியம்.

கணினியோடு இணைந்த அமைப்பாக இருந்தால் இது சில நிமிட வேலை. கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: கார்டு கடைசியாக எந்தக் கதவில், எத்தனை மணிக்குப் பயன்பட்டது? இத்தகைய அமைப்புகள் பொதுவாக அந்தப் பதிவை வைத்திருக்கும். நேற்று மாலை நீங்கள் லிஃப்டில் ஏறியதுதான் கடைசிப் பதிவு என்றால், கார்டு வீட்டுக்குள்ளேயே எங்கோ கிடக்கிறது என்று சோபா இடுக்கில் தேடலாம். நீங்கள் வீட்டில் இருந்த நேரத்தில் கீழ்க்கதவு திறந்ததாகப் பதிவு இருந்தால் கதையே வேறு. அதை உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

சில பழைய கட்டடங்களில் ஒவ்வொரு கதவும் தனித்தனிக் கருவி. கீழ்க்கதவில் நீக்கினால் லிஃப்டில் நீங்காது, பார்க்கிங் கேட்டிலும் நீங்காது. எங்கெல்லாம் நீக்கினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "பண்ணிட்டோம் சார்" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள். கார்டு எண், எந்தெந்தக் கதவு, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று ஒரு மெயிலோ மெசேஜோ கையில் இருக்கட்டும். வீட்டு ஓனருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் புது கார்டுக்கு ஓனர் கேட்டால்தான் தருவார்கள்.

இனி காப்பி விவகாரம். முடியும் என்பது உண்மைதான். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் சாதாரண கார்டுகள் பாதுகாப்பு எதுவுமின்றி எண்ணை அப்படியே சொல்பவை, கையடக்கக் கருவியால் நகலெடுத்துவிடலாம். 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டுகளிலும் 'மைஃபேர் கிளாசிக்' என்ற வகையின் ரகசியக் குறியீடு 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் உங்கள் சிக்கலுக்கு இது மருந்தல்ல. தொலைந்த கார்டு அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். மனைவியின் எண்ணில் இரண்டு கார்டுகள் உலவும், பதிவில் யார் எப்போது வந்தார்கள் என்பது குழம்பும். நாளை ஒன்று தொலைந்து அந்த எண்ணை முடக்கினால் இரண்டு பேருமே வெளியில் நிற்பீர்கள். போதாக்குறைக்கு, உங்கள் கட்டடத்தைத் திறக்கும் எண் முகம் தெரியாத ஒருவரின் கருவியில் தங்கிவிடக்கூடும். மிச்சமாகும் பணத்துக்கு இது அதிக விலை.

தொகை அதிகம் என்கிறீர்கள். வெறும் கார்டின் விலை குறைவுதான். மேலே கேட்பது பதிவு செய்யும் வேலைக்கும், கொஞ்சம் "இனிமேல் தொலைக்காதே" என்பதற்கும். அபராதமாக ஒரு சிறு தொகை இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆளுக்கொரு தொகை சொல்வதில்தான் ஆட்சேபம். சங்க விதியிலோ வாடகை ஒப்பந்தத்திலோ அந்தத் தொகை எழுதியிருக்கிறதா, எல்லோருக்கும் அதேதானா, இது திரும்ப வரும் டெபாசிட்டா திரும்பாத கட்டணமா என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள். காலி செய்யும் நாளில் "மூன்று கார்டு கொடுத்தோம், இரண்டுதான் வந்திருக்கிறது" என்று அட்வான்ஸில் பிடிக்க வந்தால், அந்த ரசீதும் முடக்கியதாக வந்த மெசேஜும்தான் உங்களுக்காகப் பேசும்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள், நானே சொல்கிறேன். கார்டோடு வீட்டுச் சாவியோ, முகவரி உள்ள அடையாள அட்டையோ சேர்ந்து போயிருந்தால், கார்டை முடக்குவது மட்டும் போதாது. எந்த வீடு, எந்தச் சாவி என்று எடுத்தவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக் கதவின் பூட்டை ஓனரிடம் சொல்லி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் கார்டு எண் என்னவென்று அசோசியேஷனுக்கே தெரியவில்லை. கார்டு இல்லாமல் நீக்க முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. தனிக் கருவிகளில் நீக்குவதற்குக் கார்டைக் காட்ட வேண்டும், அல்லது அதன் எண்ணையோ பதிவு செய்த வரிசை எண்ணையோ அடிக்க வேண்டும். எதுவுமே இல்லை என்றால் எல்லாக் கார்டுகளையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பதிவு செய்வதுதான் வழி. பெரிய கட்டடத்தில் அதற்கு யாரும் சீக்கிரம் முன்வர மாட்டார்கள். எந்தக் கார்டு யாருடையது என்று குறித்து வைக்காதது அவர்கள் தவறு. அந்தத் திண்டாட்டத்தின் செலவை உங்கள் தலையில் கட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் கார்டுகளை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். பல கார்டுகளில் 0001234567 018,54919 என்பது போல அச்சிட்டிருக்கும். இரண்டும் வேறு வேறு எண் என்று பயப்பட வேண்டாம். 18-ஐ 65,536-ஆல் பெருக்கி 54,919-ஐக் கூட்டினால் 12,34,567 வந்துவிடும். சில கருவிகள் முதல் வடிவத்தைக் கேட்கும், சில இரண்டாவதை. அதனால் வரி முழுவதும் தெளிவாகத் தெரியட்டும். அப்புறம், கார்டின் மேல் வீட்டு எண்ணை எழுதிவிடாதீர்கள், ஸ்டிக்கரும் வேண்டாம்.

கேள்வி: தொலைக்கவில்லை, கார்டு திடீரென்று வேலை செய்யவில்லை. அதற்கும் தொலைந்த கார்டுக்கான கட்டணமே கேட்கிறார்கள்.

பதில்: பர்ஸிலிருந்து வெளியே எடுத்துத் தனியாகக் காட்டிப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு கார்டு இருந்தாலே ரீடர் குழம்பும். அப்படியும் இல்லையென்றால் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள், உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருக்கலாம். பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தே உடைப்பவர்கள் நிறைய. விரிசல் எதுவும் இல்லாமல் நின்றுபோயிருந்தால் பழையதைக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லலாம். கார்டுதான் கையில் இருக்கிறதே, தொலைத்த அபராதம் எப்படிப் பொருந்தும்?

கேள்வி: புது கார்டு வாங்கிய பிறகு பழையது கிடைத்துவிட்டது. பணம் திரும்ப வருமா?

பதில்: டெபாசிட் என்றால் கேளுங்கள். கட்டணம் என்றால் பெரும்பாலும் வராது. பழைய கார்டைக் கதவில் ஒருமுறை காட்டிப் பாருங்கள். திறந்தால், முடக்கியதாக அவர்கள் சொன்னது பொய் என்று அர்த்தம், உடனே போய்ச் சொல்லுங்கள். திறக்காவிட்டால் ஒப்படைத்துவிட்டு, திரும்பக் கொடுத்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.