பிஎச்பி வரம்பை உயர்த்தியும் 413 பிழை ஏன்?

உபுண்டு சர்வரில் 20 எம்பி கோப்பை ஏற்றினால் 413 (கோரிக்கை மிகப் பெரிது என்ற பிழை) வருகிறது, பிஎச்பி வரம்பை உயர்த்தியும் பயனில்லை என்கிறீர்கள். அந்த 413 பெரும்பாலும் பிஎச்பிக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் தருவது. கோரிக்கை பிஎச்பி வரை போகவே இல்லை. என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு வெறும் 1 எம்பி. அதன் கான்ஃபிக் கோப்பில், உங்கள் தளத்துக்கான சர்வர் பிளாக்கில், 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' மதிப்பை 32 எம்பி ஆக்குங்கள். கான்ஃபிக்கைச் சோதித்துவிட்டு என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள்.

அப்புறம் பிஎச்பி. இங்கே இரண்டு வரம்புகள்: ஒரு கோப்புக்கான 'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்' இயல்பாக 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கான 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' 8 எம்பி. இரண்டாவது எப்போதும் பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் படிவத்தின் மற்ற புலங்களும் அதில்தான் அடங்கும். அது மீறப்பட்டால் பிஎச்பி நிரலுக்குப் படிவமே காலியாக வந்து சேரும். காரணம் தெரியாமல் பலர் தங்கள் நிரலையே குடைந்துகொண்டிருப்பார்கள்.

முக்கியமான ஒன்று: உபுண்டுவில் கமாண்ட் லைனுக்கும் எஃப்பிஎம்முக்கும் (வெப் கோரிக்கைகளுக்காக பிஎச்பியை இயக்கும் சேவை) தனித்தனி பிஎச்பி அமைப்புக் கோப்பு உண்டு. டெர்மினலில் புதிய மதிப்பு தெரிவதை நம்ப வேண்டாம். எஃப்பிஎம்முக்கான கோப்பைத் திருத்தி, எஃப்பிஎம் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

தேவைக்கு மேல் வரம்பை ஏற்றாதீர்கள். பெரிய கோப்புகளாக அனுப்பி யாரும் உங்கள் வட்டை நிரப்பிவிடலாம்.