எலிக்குச் சாராயம் கொடுக்கிற படிப்பா?

அன்புள்ள அம்மா,

நீட் எழுதி டாக்டர் ஆவாள் என்று நினைத்த மகள், எலிக்கு மது கொடுத்து மூளையை ஆராயப் போகிறேன் என்கிறாள் என்று கலங்கி எழுதியிருந்தீர்கள். வீட்டுக்காரரின் குடியைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. "அப்பாவால் மட்டும் ஏன் விட முடியவில்லை?" என்று சிறு வயதிலிருந்து அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள் என்று எனக்குப் படுகிறது.

ஸ்வீடனின் லின்சோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் எலிகளிடம் கேட்டார்கள். மதுவுக்குப் பழகிய எலிகளுக்கு இரண்டு நெம்புகோல்கள் வைத்தார்கள். ஒன்றை அழுத்தினால் மது, மற்றதில் இனிப்புத் தண்ணீர். பெரும்பாலானவை இனிப்புக்கே போயின. சுமார் 15 சதவீத எலிகள் மட்டும் மதுவை விடவில்லை. காலில் மின்னதிர்ச்சி பட்டபோதும் அதையே அழுத்தின. அவற்றின் மூளையில் அமிக்டலா என்ற பகுதியில், காபா என்னும் வேதிப்பொருளை உறிஞ்சி அகற்றும் ஜிஏடி-3 புரதம் குறைந்திருந்தது. இனிப்பை விரும்பிய எலிகளுக்கு அந்தப் புரதத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அவையும் மதுவுக்குத் தாவின. குடிக்கு அடிமையாகி இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் அதே குறைபாடு தெரிந்தது. 2018-இல் வெளியான ஆய்வு இது.

மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்று ஊரே சொல்கிறது. எலிக்குக் கடனும் இல்லை, கூட்டாளியும் இல்லை, ஆனாலும் சிலவற்றால் விட முடியவில்லை. உங்கள் மகள் பிடித்திருப்பது நல்ல கேள்வி அம்மா, தடுக்காதீர்கள்.

நீட்டையும் எழுதட்டும். எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தாலும் இந்தத் துறைக்கு வரலாம். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் போதைநோய் மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. ஆய்வுதான் வேண்டும் என்றால், ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத்தேர்வு. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். பி.பார்ம். படித்து எம்.பார்ம். மருந்தியல் போவது இன்னொரு வழி. பிஎச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வாடகைப் படியும் வரும். நிரந்தர வேலைக்கு முப்பது வயது தாண்டலாம், அதற்கு வீட்டில் எல்லோரும் தயாராக வேண்டும்.

ஒன்றை மட்டும் இப்போதே அவளிடம் பேசுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் விலங்காய்வு நடக்கும் என்றாலும், மூளைத் திசு எடுக்க அந்த எலிகளைக் கொல்ல வேண்டியிருக்கும். அது தாங்காத மனசு என்றால் மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வு இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத விஷயம். வீட்டுக்காரரை ஒரே நாளில் குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள். பல வருடம் மது அடக்கிவைத்த மூளை, அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். குடிக்கும் ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை உண்டு. எலி, குரங்கு ஆய்வுகள் வழிகாட்ட, 1994-இல் அமெரிக்கா குடிநோய்க்கு அனுமதித்த மருந்து அது. அவருக்கு ஏற்குமா என்பதை லிவரைப் பரிசோதித்து மருத்துவர் சொல்வார். மகளையும் கூட்டிப் போங்கள். அவளுக்கும் அந்த மருத்துவரிடம் கேட்க நிறைய இருக்கும்.